ஈரம் எண்பத்தாறு

கதவு மூடும்போதே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். "உள்ள ஆளிருக்குதுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. அட, இஞ்சினியர் உள்ளேயா இருக்கிறார் என்று யாராவது சிரித்திருப்பார்கள். தாமோதரனும் கூடச் சேர்ந்து அசடு வழியச் சிரித்துக்கொண்டு வெளியே வந்திருப்பான், விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து வெளியே சம்பூரணத்தம்மா கற்பூரம் ஏற்றிவிட்டார். மணிச் சத்தம் கேட்டது. முதலாளியின் சம்சாரம் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் கிளம்பினால் நன்றாகவா இருக்கும்? மணி நிற்கட்டும் என்று இருந்தான். மணி நின்றது, அதே மூச்சில் கதவும் சாத்திக்கொண்டது. "ராகு காலம் பொறக்கறதுக்குள்ள சாத்திப்போட்டம், போதும் சாமி" என்று சென்னியப்பனின் குரல் அந்தப் பக்கம் தேய்ந்து கேட்டது. பிறகு விசிறிகள் ஓட ஆரம்பித்தன. அதற்கப்புறம் மனிதச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பின்சுவரோரம், முட்டை வண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்க மட்டுமே இடமிருக்கிற இடுக்கில், தாமோதரன் நின்றுகொண்டிருந்தான். தொங்கிக்கொண்டிருந்த சென்சார் ஒயரை இழுத்துக் கட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தவன். ஒயரைக் கட்டியாகிவிட்டது. நன்றாகவே கட்டியிருந்தான்.

சென்னியப்பன் பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறார். தாய்க்கோழி செய்கிற வேலையை அங்கே தகரமும் தெர்மோகோலும் சேர்த்துக் கட்டிய அறைகள் செய்கின்றன. அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முட்டை அடுக்கிய வண்டிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, சூட்டையும் ஈரத்தையும் ஒரே அளவில் வைத்திருந்தால் மூன்று வாரத்தில் குஞ்சு. அந்த அளவைக் காப்பதற்கு வெளிச்சுவரில் ஒரு சின்னப் பெட்டி, கண்ட்ரோலர். எப்போது ஹீட்டரைப் போட வேண்டும், எப்போது தண்ணீரைப் புகையாகத் தெளிக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கு வரி வரியாக எழுதிக் கொடுப்பது, கோவைக் கம்பெனி ஒன்றில் தாமோதரனின் பிழைப்பு. இந்த அறையின் பழைய பெட்டி கிறுக்குப் பிடித்துப்போய், கடைசியாக வைத்த முட்டைகளில் பாதி பொரியவே இல்லையாம். "ஓட்ட ஒடச்சுப் பாத்தா, மூக்க நீட்டிக்கிட்டு அப்படியே செத்துக் கெடக்குது தம்பி" என்று சென்னியப்பன் காலையில் சொன்னார். "வெளிய வரோணும்னு முட்டிப் பாத்திருக்குது. பாவம்." கோபக்காரர் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஆனால் அதைச் சொல்லும்போது அந்த மனிதருக்குக் குரல் இறங்கிவிட்டது. புதுப் பெட்டி, புது முட்டை, வெள்ளிக்கிழமை, நல்ல நேரம். "ஒரு தடவ கதவச் சாத்துனா, சூடு ஏறி நிக்கற வரைக்கும் தொறக்கப்படாது. எவனாச்சும் கையை வெச்சீங்கன்னா பாத்துக்குங்க" என்று எல்லாரிடமும் சொன்னார். அந்த எல்லாரிலும் தாமோதரன் உண்டு, தலையை வேறு ஆட்டியிருந்தான்.

கதவின் உட்பக்கத்தில் உருண்டையாக ஒரு குமிழ் இருக்கிறது. இப்படி யாராவது உள்ளே அகப்பட்டுக்கொண்டால் தள்ளித் திறப்பதற்காகவே வைத்தது. காலையில் இவனே தள்ளிப் பார்த்தான், ஒரு விரலுக்கு அசைந்து கொடுத்தது. வண்டிகளின் ஓரமாக உடம்பை ஒடுக்கி நாலு எட்டு நகர்ந்தால் கை எட்டிவிடும். ஆகவே இவன் அடைபட்டிருக்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது. போலீஸ்காரன் வந்து எழுதினால்கூட அடைபட்டதாக எழுத மாட்டான். இருந்தும் கால் நகரவில்லை. இப்போது போய்க் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? ராகு காலம் பிறந்திருக்கும். முதன்முதலாகச் சாத்திய கதவு ராகு காலத்தில் திறந்துகொள்ளும், உள்ளேயிருந்து வியர்த்து வழிந்துகொண்டு ஓர் ஆள் வெளியே வருவான். சம்பூரணத்தம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். சென்னியப்பன் கேட்பார்: "இத்தன நேரம் உள்ள என்ன பண்ணீட்டு இருந்தீங்க?" அதுதான் கேள்வி. கதவு சாத்திய உடனே திறந்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. இப்போது பிறந்துவிட்டது, ஒவ்வொரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுத்துக்கொண்டும் வருகிறது. ஒயர் கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். ஒயர் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? சரி, சூடு ஏறி நின்றதும் எப்படியும் அவரே வந்து திறப்பார், அப்போது வண்டிக்குப் பின்னாலிருந்து சாதாரணமாக, இப்போதுதான் உள்ளே வந்தவன் மாதிரி வெளியே வந்துவிடலாம். எவ்வளவு நேரம்? குளிர் அறையிலிருந்து வந்த முட்டை. மத்தியானம் ஆகிவிடும். ஆகட்டும். ஆனால் ஆள் எங்கே என்று தேடுவார்களே. தேடினால் நல்லதுதானே, தேடி வந்து திறந்துவிட்டால் இவன் திறந்ததாக ஆகாது. ஆனால் யாரும் தேடவில்லை. கழிப்பறைக்குப் போயிருப்பான், போன் பேசிக்கொண்டிருப்பான் என்று விட்டிருப்பார்கள். தாமோதரன் இல்லாததைக் கண்டுபிடிக்க எப்போதுமே நேரம் பிடிக்கும். மனைவி வசுமதியே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், "நீங்க வீட்டுல இருக்கறீங்களா இல்லையான்னு செருப்பப் பாத்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு" என்று.

இருட்டு. கதவில் ஒரு சிறு கண்ணாடிச் சதுரம் இருந்தது, அது வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. காதுக்குள் விசிறிகளின் இரைச்சல். அதற்கடியில் டொக்கென்று ஒரு சத்தம், ஹீட்டர் போட்டுக்கொண்டது. உஸ்ஸென்று இன்னொன்று, தண்ணீர்ப்புகை. பெட்டி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று இவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். முதல் வரியில் ஆரம்பிக்கும். சூடு எவ்வளவு என்று பார்க்கும், குறைவு, ஹீட்டரைப் போடு. ஈரம் எவ்வளவு என்று பார்க்கும், குறைவு, தெளி. கதவு மூடியிருக்கிறதா, ஆமாம், விசிறி ஓடட்டும். கடைசி வரி. மறுபடி முதல் வரி. நிற்காது, அலுத்துக்கொள்ளாது, போன சுற்றில் இதையேதானே பார்த்தோம் என்று யோசிக்காது. தாமோதரனுக்கு அந்தப் பெட்டியின்மேல் ஒரு பிரியமே உண்டு, தன் மண்டையும் ஏறக்குறைய அதே மாதிரிதான் ஓடுகிறது என்பதால். கதவைத் திறக்கலாமா, ராகு காலம், சென்னியப்பன், இத்தனை நேரம் என்ன செய்தாய், அதனால் வேண்டாம், கதவைத் திறக்கலாமா. ஒரு வித்தியாசம், பெட்டி ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எதையாவது செய்யும். சின்ன வயதில் ஒரு தடவை உடுமலையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது இறங்க வேண்டிய இடத்தில் பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் முன்னால் யாருடனோ சில்லறைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஹோல்டான் என்று ஒரு சத்தம் போட்டால் நிற்கும். போடப் போகிறேன், இதோ போடப் போகிறேன் என்று இருந்து இருந்து அடுத்த ஊரும் தாண்டிவிட்டது. கடைசியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் எல்லாரோடும் கௌரவமாக இறங்கி, அங்கே வேலை இருக்கிற மாதிரி ஒரு டீயும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தான். இதை வசுமதியிடம் கல்யாணமான புதிதில் ஒரு நகைச்சுவையாகச் சொன்னான். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள்.

பிள்ளை பிறந்தபோது தாரகை என்று பெயர் முடிவு செய்தார்கள். வசுமதி கர்ப்பமாக இருந்தபோதே தேர்ந்தெடுத்து, வயிற்றைத் தடவித் தடவிக் கூப்பிட்ட பெயர். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனது தாமோதரன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "தாரிகை. சரிதானே?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார். பின்னால் வரிசை நின்றது. பின்னாலிருந்து ஒருவர் பெருமூச்சு விட்டார். இவன் தலையை ஆட்டினான். ஏன் ஆட்டினான்? அந்த இடத்தில் கழுத்து தானாக ஆடிவிட்டது, வேறு காரணம் இல்லை. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பிறகு என்பது வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தாரிகை, ஆதாரில் தாரிகை, ஒன்பதாவது படிக்கிற பெண் இப்போது நோட்டு அட்டையில் அவளே தாரிகை என்றுதான் எழுதுகிறாள். தமிழ் டீச்சர் அர்த்தம் கேட்டிருக்கிறார். "அர்த்தம் எங்கப்பாதான் மிஸ்னு சொல்லிட்டேன்" என்று வீட்டில் வந்து சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். இவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு இழுத்தால் காற்றோடு தண்ணீரும் வருகிற மாதிரி இருந்தது. கோழி முட்டைக்கு நல்ல ஜுரச் சூடு வேண்டும். வெப்பம் தொண்ணூற்றொன்பதரை, ஈரம் எண்பத்தாறு, சென்னியப்பன் போனில் சொல்லியிருந்த கணக்கு அதுதான். தொண்ணூற்றொன்பதரை ஜுரக் கணக்கு, ஃபாரன்ஹீட், அதில் சந்தேகமில்லை. ஈரம் எண்பத்தாறு. திரையில் எல்லாம் தமிழில் வரவேண்டும் என்று அவர் கேட்டபோது தாமோதரனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறான், இந்த ஒரு பெட்டி தமிழ் பேசட்டும் என்று ஆசையோடு எழுத்து எழுத்தாகச் செய்தான். வெப்பம் என்று ஒரு கட்டம். ஈரம் என்று ஒரு கட்டம். பக்கத்தில் போட்டிருந்த சின்ன அளவுக் குறிகளைச் சென்னியப்பன் எடுக்கச் சொல்லிவிட்டார், "எண்ணு மட்டும் பெருசாத் தெரியட்டும் தம்பி, எனக்குக் கண்ணாடி போட்டாலும் சந்தேகந்தான்" என்று. காலையில் சாமிப் படத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவரே தன் விரலால் ஈரம் கட்டத்தில் எண்பத்தாறு என்று அழுத்தினார். பெட்டி கீச்சென்று கத்தி, அளவு மீறியது என்று சிவப்பில் காட்டியது. அந்தச் சொல்லும் இவன் எழுதியதுதான். எழுபதுக்கு மேல் ஏற்காதே என்று புத்தகம் பார்த்து எழுதியிருந்தான். சென்னியப்பன் மறுபடி அழுத்தினார், மறுபடி கீச்சென்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "அளவு மீறிப்போச்சாம்! இத்தன வருசமா எம்பட மெசினுக்கு எண்பத்தாறுதான் வெக்கறேன், நேத்து வந்த பொட்டி எனக்குப் பாடஞ் சொல்லுது!" அவர் முகம் சிவப்பதைத் தாமோதரன் பார்த்தான். ஒரு நிமிடமுங்க என்று லேப்டாப்பைத் திறந்து, எழுபதைத் தொண்ணூறாக மாற்றினான். எண்பத்தாறு ஏறியது. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஏதோ ஒன்றைக் கேட்க வேண்டும் என்று இவன் தொண்டை வரைக்கும் வந்தது. என்ன அது? கேட்கவில்லை, அதனால் என்ன என்றும் இப்போது ஞாபகமில்லை.

திடீரென்று தலைக்கு மேல் புஸ்ஸென்று காற்று சீறியது, இருட்டில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் அசைந்தன. தாமோதரன் சுவரோடு அப்பிக்கொண்டான். ஒன்றுமில்லை, முட்டைத் தட்டுகள் சாய்கின்றன, மணிக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லி எழுதியதும் இவனேதான். அப்படியானால் ஒரு மணி நேரம் ஆகிவிட்டதா? சாய்ந்த தட்டின் விளிம்பு இப்போது விலா எலும்பில் வந்து இடித்தது. இருந்த இடுக்கும் பாதியாகிவிட்டது. பயமாக இருந்தது. இதுவரை வெட்கம்தான் இருந்தது, இப்போது பயம், அசல் பயம். மயக்கம் போட்டு விழுந்தால் இந்த இடுக்கில் விழக்கூட இடமில்லை, நின்றபடியே இருப்பான், சாயங்காலம் கதவைத் திறக்கிறவன் இவனை நின்ற கோலத்தில் பார்ப்பான். போனை எடுத்தான். தகரச் சுவருக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. திரையின் வெளிச்சம் பக்கத்துத் தட்டில் விழுந்தது. முட்டைகள் வியர்த்திருந்தன. ஒவ்வொரு முட்டையின்மேலும் பொடிப் பொடியாகத் தண்ணீர், சில இடங்களில் ஒன்றாகத் திரண்டு கீழே வழிந்துகொண்டிருந்தது. குளிரிலிருந்து வந்த முட்டை, முதலில் கொஞ்சம் வியர்க்கும்தான். ஆனால் இவ்வளவு நேரத்துக்குப் பிறகுமா? கதவுக் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடி முழுக்கப் பால் மாதிரி மூடியிருந்தது. உஸ்ஸென்று மறுபடி தெளித்தது. இன்னும் போதவில்லையாம். இன்னும் என்ன வேண்டுமாம் அதற்கு?

வழித்து எறிந்தாலும் வியர்வை போகவில்லை. வழிகிறது, ஆனால் காயவில்லை. காய்ந்தால்தானே குளிரும். நனைந்த சட்டையோடு விசிறிக்குக் கீழே நின்றால் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் இது கொதிக்கிற துணியைப் போர்த்திய மாதிரி இருக்கிறது, ஏனென்றால் காற்றில் இனி ஈரம் ஏற இடமில்லை, நனைந்தது காய வழியில்லை, காயாததால் குளிர வழியில்லை. நனைந்த துணி. துணி. திரி. காலையில் பழைய பெட்டியைக் கழற்றும்போது அதோடு இரண்டு தெர்மாமீட்டர் வந்தது. ஒன்று வெறும் தெர்மாமீட்டர். இன்னொன்றின் நுனியில் வெள்ளைப் பருத்தித் திரி சுற்றி, திரியின் வால் ஒரு தண்ணீர்க் குப்பிக்குள் தொங்கியது. இவன் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஈரம் சொட்டுகிறதே என்று மூலையில் வைத்தான். ஈரத் தெர்மாமீட்டர். திரி காயக் காய அது குளிரும், அதனால் வெறும் தெர்மாமீட்டரைவிடக் குறைவாகக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் நிறையக் குறையும், நனைந்திருந்தால் கொஞ்சம்தான் குறையும். பொரிப்பகத்துக்காரர்கள் ஈரம் எவ்வளவு என்று கேட்டால் அந்தத் திரி போட்ட தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஈரம் எண்பத்தாறு. அது நூற்றுக்கு எண்பத்தாறு இல்லை. அது டிகிரி. அதுவும் ஜுரக் கணக்கு டிகிரி. நூற்றுக்கு என்று போட்டால் ஐம்பத்தைந்தோ ஐம்பத்தேழோதான் வரும். இங்கிலீஷில் எழுதியிருந்தால் இரண்டுக்கும் இரண்டு பெயர், குழம்பியே இருக்காது. இவன் ஆசை ஆசையாக எழுதிய ஈரம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கணக்கும் போய் உட்கார்ந்துகொண்டன. அவர் தன் ஈரத்தை அழுத்தினார், பெட்டி தன் ஈரத்தை எடுத்துக்கொண்டது. நடுவில் நின்ற ஒரே ஆள் இவன். பெட்டி கத்தியது. இரண்டு தடவை கத்தியது. வேறு என்ன செய்யும் அது? இவன்தான் அதன் வாயைக் கட்டினான். அளவு எந்தக் கணக்குங்க, நூத்துக்கா டிகிரியா? அதுதான் தொண்டை வரைக்கும் வந்து நின்ற கேள்வி. இப்போது ஞாபகம் வந்தது.

இதில் குஞ்சு என்ன ஆகும்? முட்டைக்குள் இருக்கிற தண்ணீர் மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வேண்டும், வற்றினால்தான் குஞ்சு மூச்சு விட உள்ளே காற்றுக்கு இடம் வரும். வெளியே இப்படி நனைந்து கிடந்தால் வற்றாது. கடைசி நாளில் குஞ்சு மூக்கை நீட்டும், நீட்டிய இடத்தில் தண்ணீர் இருக்கும். இந்த வண்டிகள் முழுக்க. ஆயிரக்கணக்கில். அந்த மனிதர் மறுபடி ஓட்டை உடைத்துப் பார்ப்பார், மறுபடி குரல் இறங்கும், இந்தத் தடவை யாரைக் குற்றம் சொல்வது என்றுகூட அவருக்குத் தெரியாது, எண்ணைத் தன் விரலாலேயே அழுத்தினாரே. தன் கைராசி சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். சரி, சரி, பதறாதே. இன்றைக்கு முதல் நாள், இப்போதே சரி செய்துவிட்டால் ஒன்றும் ஆகாது. வெளியே போனதும் லேப்டாப்பில் இரண்டு வரி. திரையில் எண்பத்தாறு எண்பத்தாறாகவே இருக்கட்டும், உள்ளே அதை டிகிரியாக எடுத்துக்கொண்டு நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டு, அதன்படி தெளிக்கட்டும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. என்ன தம்பி செய்யறீங்க என்றால் சும்மா செக் பண்ணறனுங்க என்று சொன்னால் போயிற்று. ஆனால் முதலில் வெளியே போக வேண்டுமே. வெளியே போனால் அவர் கேட்பார், இத்தன நேரம் உள்ள என்ன பண்ணீட்டு இருந்தீங்க. மத்தியானம் அவர் திறக்கும்வரை காத்திருக்கலாம். அதுவரை முட்டை நனையும். மத்தியானம்வரை நனைந்தால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, ஆனால் சென்னியப்பன் மத்தியானம் தூங்கிவிட்டால், சாயங்காலம் வந்தால். இந்த ஈரத்தில் கிருமி எல்லாம் முட்டை ஓட்டு வழியாக உள்ளே போகும் என்று படித்திருக்கிறான். முட்டைக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. எனக்கு எத்தனை நேரம் ஆகும்? முதல் வரி. கதவைத் திறக்கலாமா. ராகு காலம். அட, ராகு காலமே முடிந்திருக்கும். இல்லையோ. சென்னியப்பன். சம்பூரணத்தம்மா. இத்தனை நேரம். தலையை ஆட்டினாயே, தாரிகை, சரிதானே, சரிதான் சார். முதல் வரி. கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக ஏதோ மிதந்தது. முழங்கால் தானாக மடங்கப் பார்த்து, மடங்க இடமில்லாமல் தட்டில் இடித்து நின்றது. அந்த இடியில் ஒரு முட்டை விரிசல் விட்ட சத்தம். சின்னச் சத்தம்தான், இரைச்சலில் கேட்டிருக்கவே கூடாது, ஆனால் கேட்டது.

எப்படி நகர்ந்தான் என்று பின்னால் யோசித்தால் தெரியாது. தட்டின் விளிம்புகள் சட்டையைக் கிழித்தன. ஒரு கை வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தது. அப்புறம் உள்ளங்கைக்குள் உருண்டையாக அந்தக் குமிழ். சொல்ல வேண்டியதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், அண்ணா ஒரு சின்ன மிஸ்டேக்குங்க. சின்ன என்பதை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டு இவன் முகத்தைப் பார்க்கத் தயாராக இருக்கிற மாதிரி இருந்தது. தள்ளினான்.

கதவு காலையில் திறந்த மாதிரியே, ஒரு சிரமமும் இல்லாமல் திறந்துகொண்டது. விசிறிகள் நின்றுவிட்டன. கதவு திறந்தால் விசிறி நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தான், நின்றன. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. வெளியே யாருமே இல்லை. நடை முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது. தட்டில் கற்பூரம் எரிந்து அடங்கிக் கருப்பாக ஒரு வட்டம். ஒரு ஸ்டூலின்மேல் இவனுடைய லேப்டாப், அணைந்துகூடப் போகாமல், ஒயரோடு பெட்டியில் மாட்டியபடியே காத்துக்கொண்டிருந்தது. தூரத்தில், கட்டடத்தின் முன்பக்கத்தில் பேச்சும் சிரிப்பும் கேட்டன, எல்லாரும் பலகாரம் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. எத்தனை நேரமாக இங்கே ஒருவரும் இல்லை? உள்ளே இவன் யாருக்குப் பயந்து நின்றானோ அவர்கள் ஒருவேளை கதவைச் சாத்திய கையோடு போயிருப்பார்கள். தாமோதரன் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கினான். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பெட்டியின் திரையில் பெரிதாக எண்பத்தாறு. இரண்டே வரி. கதவை மெல்லச் சாத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வரி எழுதி ஏற்றிவிட்டால் போதும், ஒரு ஈக்கும் தெரியாது. முன்பக்கம் போய் அவனும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடலாம். எங்கே போனீங்க என்று கேட்டால் போன் வந்தது என்று சொல்லலாம். கை கதவின் விளிம்பில் இருந்தது. தள்ள வேண்டியதுதான். உள்ளே முட்டைகள் வியர்த்தபடி இருட்டில் இருந்தன. அடுத்த மாதம் மற்ற அறைகளுக்கும் இதே பெட்டி வரும், வேறொரு பையன் வந்து எழுதுவான், அவனிடமும் சென்னியப்பன் ஈரம் எண்பத்தாறு என்பார், அவனுடைய பெட்டியும் கீச்சென்று கத்தும், அவர் முதல் அறையைக் காட்டிச் சொல்வார், இங்க பாரு, இதுல ஏறுது, போன தடவ வந்த தம்பி சரியாப் போட்டுக் குடுத்தாரு என்று. அப்போது இவன் எழுதிய இரண்டு வரி உள்ளே யாருக்கும் தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரமாக அப்படி நின்று பார்த்தாகிவிட்டது. தாமோதரன் கதவைத் தள்ளவில்லை. மூடிக்கொள்ளாமல் இருக்கத் தோளைக் கொடுத்து முட்டு வைத்து நின்றான். "அண்ணா" என்றான். அது அவனுக்கே கேட்கவில்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "அண்ணா! சென்னியண்ணா!" என்று கத்தினான். குரல் பாதியில் உடைந்து, கீச்சென்று எங்கேயோ போயிற்று. முன்பக்கத்துச் சிரிப்பு சட்டென்று நின்றது. இன்னும் சத்தமாகக் கத்தினான். "கதவ நாந்தான் தொறந்தனுங்க! ஈரத்தத் தப்பாப் போட்டுப்போட்டனுங்க! ஓடியாங்க!" செருப்புச் சத்தம் நடையில் ஓடி வந்தது. "யாருடா அது கதவத் தொறந்தது? யாரு உள்ள?" என்று சென்னியப்பனின் குரல் முந்திக்கொண்டு வந்தது. "நாந்தானுங்கண்ணா, தாமோதரன்" என்றான். "மொதல்லயிருந்தே உள்ளதானுங்க இருக்கறேன்."